முன்பாதி மட்டும் கிடைத்த மீன்கள்

கேட்கப்பட்டது இதுதான்: டங்கிலியோஸ்டியஸ் என்ற கவச மீன் 10 மீட்டர் நீளம் இருந்ததாகப் படித்தேன், உண்மையா? அவ்வளவு பலமான கவசம் இருந்தும் அந்த இனம் முழுவதும் ஏன் அழிந்தது? கவசத்தின் கனத்தைச் சுமக்க முடியாமல் தோற்றுப்போனவை என்கிறார்களே, சரியா? நமக்கும் அவற்றுக்கும் ஏதாவது உறவு உண்டா? அழிந்துவிட்டதாக நினைத்துப் பிறகு உயிரோடு கிடைத்த சீலகாந்த் மீன் மாதிரி ஆழ்கடலில் எங்காவது இன்னும் இருக்க வாய்ப்பு உண்டா?

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். 10 மீட்டர் என்பது பெரும்பாலும் தவறு. தோற்றுப்போன இனம் என்பது முழுத் தவறு. உறவு உண்டு, அதுவும் நாம் நினைப்பதைவிட நெருக்கமான உறவு. ஆழ்கடலில் இல்லை, ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைக் கடைசியில் பார்க்கலாம். இனி விரிவாக.

இந்த மீன்களுக்குப் பொதுப்பெயர் பிளாகோடெர்ம். கிரேக்கத்தில் 'தகட்டுத் தோல்' என்று பொருள். தலையைச் சுற்றி ஒரு கவசம், மார்பைச் சுற்றி இன்னொரு கவசம், இரண்டும் எலும்புத் தகடுகளால் ஆனவை. அதற்குப் பின்னால் வால்வரைக்கும் பெரும்பாலும் குருத்தெலும்புதான். சைலூரியன் காலத்தில் தோன்றி, அதை அடுத்து வந்த டெவோனியன் காலத்தில் (சுமார் 42 கோடி முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முன்பு) கடல், ஆறு, ஏரி என்று எல்லா நீரிலும் பரவி, சுமார் 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு முடிந்துபோனவை. முதல் டைனோசர் பிறப்பதற்கு 10 கோடி ஆண்டுகளுக்கும் மேல் முன்பே இவற்றின் கதை முடிந்துவிட்டது.

குருத்தெலும்பு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரப்போகிற பாதிக் குழப்பங்களுக்கு அதுதான் காரணம். எலும்பு கல்லாகி நிற்கும். குருத்தெலும்பு பெரும்பாலும் அழுகிப் போய்விடும். அதனால் பெரும்பாலான பிளாகோடெர்ம்களில் நமக்குக் கிடைத்திருப்பது முன்பாதி மட்டும். பின்பாதியை ஆய்வாளர்கள் ஊகித்துத்தான் வரைய வேண்டியிருந்தது. அப்படி வரைந்த படங்களைத்தான் நாம் புத்தகத்திலும் காணொளியிலும் பார்த்து நம்பி வந்தோம்.

சரி, 10 மீட்டருக்கு வருவோம்.

டங்கிலியோஸ்டியஸ் கதை அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக் கரையில் தொடங்குகிறது. அங்கே கிளீவ்லாண்ட் ஷேல் என்ற கறுப்புக் களிப்பாறை அடுக்கு இருக்கிறது. 1867ல் ஜே டெரல் என்பவர் அந்தக் கரையோரப் பாறையில் பெரிய எலும்புத் தகடுகளைக் கண்டெடுத்தார். 1873ல் ஜான் நியூபெரி அந்த மீனுக்கு டெரலின் பெயரையே சேர்த்து டினிக்திஸ் டெரெல்லி என்று பெயர் வைத்தார். பிறகு 1956ல் பிரெஞ்சு ஆய்வாளர் ஜான் பியர் லேமன், கிளீவ்லாண்ட் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டேவிட் டங்கிள் நினைவாக டங்கிலியோஸ்டியஸ் என்ற பேரினத்தை உருவாக்கி இதை அதில் சேர்த்தார்.

கிடைத்ததெல்லாம் தலையும் மார்புக் கவசமும். தலை பிரம்மாண்டமாக இருக்கிறது, வாய் அகலமாக இருக்கிறது. அப்படியானால் உடல் எவ்வளவு நீளம்? சுறாக்களின் வாய் அகலத்துக்கும் உடல் நீளத்துக்கும் உள்ள விகிதத்தை வைத்துப் பார்த்தால் எட்டு, ஒன்பது மீட்டர் என்று வந்தது. சின்னக் கவச மீன்களில் முழு உடல் கிடைத்த சிலவற்றை அப்படியே பெரிதாக்கிப் பார்த்தவர்களும் உண்டு. 6 மீட்டர் என்றும் 10 மீட்டர் என்றும் எண்கள் சுற்றின.

2023ல் ரஸ்ஸல் எங்கல்மன் என்ற ஆய்வாளர் வேறு வழியில் கணக்குப் போட்டார். அவர் பார்த்தது கண்ணில் இருந்து செவுள் மூடியின் பின் விளிம்பு வரைக்கும் உள்ள தூரம். மீன்களில் இந்தத் தூரம் உடல் நீளத்தோடு ஒழுங்காகப் பொருந்தி வருகிறது. இந்த அளவை டங்கிலியோஸ்டியஸ் தலையில் எடுத்தால் வழக்கமான பெரிய மீன் சுமார் 3.4 மீட்டர், மிகப் பெரியது சுமார் 4.1 மீட்டர் என்றுதான் வருகிறது. வாய் அகலத்தை நம்பியது ஏன் தவறு என்பதற்கும் அவர் காரணம் சொன்னார்: இந்த வகைக் கவச மீன்களுக்கு உடலுக்குப் பொருந்தாத அளவு பெரிய வாய். சுறாவின் விகிதத்தை இங்கே கொண்டுவந்தால் உடல் தானாகவே ஊதிப்போகும்.

இந்தக் கணக்கைத்தான் நான் ஏற்கிறேன். பலருக்கு இது வருத்தமாக இருந்தது எனக்குத் தெரியும். சிறுவயதில் இருந்து மனதில் வைத்திருந்த ஒரு ராட்சசன் பாதியாகச் சுருங்கிவிட்டதே என்று. ஆனால் நீளம் குறைந்தாலும் மீன் மெலியவில்லை. மார்புக் கவசத்தின் சுற்றளவு மாறவில்லை அல்லவா? அது நேரடியாக அளந்த எண். எனவே இப்போது நமக்குக் கிடைப்பது குட்டையான, உருண்டு திரண்ட, சூரை மீன் போல உடம்பு கட்டின ஒரு மீன். நீளமான பாம்பு மாதிரி உடலோடு வரைந்த பழைய படங்களைவிட இது நீரில் நீந்தக்கூடிய ஒரு பிராணியாகத் தெரிகிறது.

அந்தத் தாடையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கீழ்த்தாடைத் தகடு ஒன்றைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் முன்னால் ஒரு கூர்முனை கோரைப்பல் மாதிரி மேலே நிமிர்ந்து நிற்கும். அதற்குப் பின்னால் விளிம்பு நீண்டு, அரிவாள்மணையின் விளிம்பு போல ஓடும். ஆனால் பல் எதுவும் இல்லை. தனியாகப் பொருத்திய பல்லும் இல்லை, பல் குழியும் இல்லை. தாடை எலும்பே கூராகி வெட்டு விளிம்பாகிவிட்டது. வாய் மூடும்போது மேல் தகடு கீழ்த் தகட்டை உரசிக்கொண்டு இறங்கும். உரசின இடம் வழுவழுப்பாகத் தேய்ந்திருப்பதைப் புதைபடிவத்திலேயே பார்க்கலாம். கத்தியைக் கத்தியில் தீட்டுகிற மாதிரி, ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் விளிம்பு தானே கூராகிக்கொண்டது. உயிரோடு இருக்கிற வரைக்கும் எலும்பு வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்ந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு நுட்பம் கழுத்தில் இருக்கிறது. தலைக்கவசமும் மார்புக்கவசமும் சேருகிற இடத்தில், இரண்டு பக்கமும் பந்துக்கிண்ண மூட்டு போல ஒரு மூட்டு. டங்கிலியோஸ்டியஸ் சேர்ந்த பெரிய குழுவுக்கு ஆர்த்ரோடைர் என்று பெயர். 'மூட்டுக் கழுத்து' என்று பொருள். நாம் வாயைத் திறந்தால் கீழ்த்தாடை மட்டும் இறங்கும். இந்த மீன் வாயைத் திறந்தால் கீழ்த்தாடை இறங்குகிற அதே நேரத்தில் தலை முழுவதும் பின்னால் நிமிரும். 2007ல் பிலிப் ஆண்டர்சன், மார்க் வெஸ்ட்னீட் இருவரும் மண்டையோட்டைக் கணினி மாதிரியாக்கிப் பார்த்தபோது, வாய் திறக்க 20 மில்லிநொடிதான் ஆகியிருக்கும் என்று வந்தது. ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அவ்வளவு வேகத்தில் திறந்தால் முன்னால் இருக்கிற நீர் இரையோடு சேர்ந்து உள்ளே உறிஞ்சப்படும். கடிக்கும் விசை முனையில் சுமார் 4,400 நியூட்டன், பின் விளிம்பில் சுமார் 5,300 நியூட்டன் என்று கணக்கிட்டார்கள். உறிஞ்சுகிற மீன்கள் பொதுவாக மென்மையாகக் கடிக்கும். பலமாகக் கடிக்கிறவை மெதுவாகத் திறக்கும். இங்கே இரண்டும் ஒரே வாயில்.

டங்கிலியோஸ்டியஸின் தகடுகள் சிலவற்றில் இன்னொரு டங்கிலியோஸ்டியஸ் கடித்த காயங்கள் இருக்கின்றன. அந்த எலும்பைத் துளைக்கக்கூடிய வாய் அந்தக் கடலில் வேறு எதற்கும் இல்லை.

டங்கிலியோஸ்டியஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மற்றவற்றுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். அதே காலத்தில் வாழ்ந்த டைட்டானிக்திஸ் என்ற பெரிய ஆர்த்ரோடைருக்குத் தாடையில் கூர்மையே இல்லை. வாயைத் திறந்தபடி நீந்தி நீரில் மிதக்கும் சிற்றுயிர்களை வடிகட்டித் தின்றது என்று 2020ல் வந்த ஆய்வு காட்டுகிறது. ஜெர்மனியின் ஹுன்ஸ்ரூக் பலகைப்பாறையில் கிடைத்த கெமுவெண்டினா திருக்கை மீன் போலத் தட்டையாக இருந்தது, திருக்கைகள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது போத்ரியோலெப்பிஸ்.

பெரும்பாலான போத்ரியோலெப்பிஸ் ஒரு அடி நீளம்தான். மார்புக்கவசம் ஒரு பெட்டி மாதிரி. கண்கள் இரண்டும் தலையின் உச்சியில் ஒரே துளைக்குள் ஒட்டி ஒட்டி இருக்கும். வாய் அடியில் இருக்கும். சேற்றில் ஊர்ந்து அடிமட்டத்தில் கிடைத்ததைத் தின்றது என்பது பார்த்தாலே தெரியும். விசித்திரம் அதன் கைகளில். துடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் நீண்டு ஒடுங்கிய, எலும்புத் தகடுகளால் மூடிய இரண்டு கைகள். தோளில் ஒரு மூட்டு, நடுவில் முழங்கை மாதிரி இன்னொரு மூட்டு. எலும்பு வெளியே, தசை உள்ளே. நண்டின் காலை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். முதுகெலும்பு உள்ள பிராணிகளில் இப்படி ஒரு கை இந்தக் கூட்டத்துக்கு மட்டும்தான். இவற்றை ஆன்டியார்க் என்று அழைக்கிறார்கள். போத்ரியோலெப்பிஸில் மட்டும் 60க்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அண்டார்க்டிகா உட்பட எல்லாக் கண்டங்களிலும் கிடைக்கிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் உள்ள மிகுவாஷாவில் முழு உடலோடு ஏராளமாகக் கிடைத்திருக்கிறது.

இதன் உறவுக்காரன் ஒன்றை 1830களில் ஸ்காட்லாந்தின் குரோமார்டி ஊரைச் சேர்ந்த ஹியூ மில்லர் கண்டெடுத்தார். கல் உடைக்கிற தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர் அவர். உளி பட்டுப் பிளந்த கல்லுக்குள் சிறகு விரித்த மாதிரி இரண்டு கைகளோடு ஒரு உருவம். ஆமையா, வண்டா, மீனா என்று பார்த்தவர்கள் குழம்பினார்கள். மீன் புதைபடிவங்களில் அன்று பெரிய அறிஞராக இருந்த லூயி அகாசி அது மீன்தான் என்று முடிவு சொல்லி, மில்லரின் பெயரையே இனப்பெயராக வைத்தார். இப்போது அதை டெரிக்தியோடிஸ் மில்லேரி என்கிறோம்.

அந்தக் கைகள் எதற்கு? சேற்றைத் தோண்டவா, தரையில் ஊன்றி நகரவா என்று நூற்றைம்பது வருடத்துக்கு மேல் விவாதம் நடந்தது. அதற்கு ஒரு பதில் எதிர்பாராத இடத்தில் இருந்து வந்தது. அதைச் சொல்வதற்கு முன்பு ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் கோகோ என்ற இடம். சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது வெப்பக் கடலில் பவளப்பாறை போன்ற ஒரு பெரிய திட்டு. திட்டுக்கு நடுவே, ஆக்சிஜன் குறைந்த அமைதியான அடிமட்டத்தில் மீன்கள் செத்து விழுந்தன. அவற்றைச் சுற்றிச் சுண்ணாம்பு இறுகி உருண்டைக் கற்களாகிவிட்டது. மற்ற இடங்களில் பாறையின் கனத்தில் மீன்கள் காகிதம் போல நசுங்கிக் கிடக்கும். கோகோவில் நசுங்கவில்லை. அப்படியே முழு உருவத்தில் இருக்கின்றன.

அதை எடுக்கிற முறை அழகானது. உருண்டைக் கல்லைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, எலும்பு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால் அசிட்டிக் அமிலம் கலந்த நீரில் போடுவார்கள். வினிகரில் இருக்கிற அதே அமிலம்தான், கொஞ்சம் கூடுதல் செறிவில். கல் கால்சியம் கார்பனேட், அது கரையும். எலும்பு கால்சியம் பாஸ்பேட், அது நிற்கும். கொஞ்சம் கரைந்ததும் வெளியே எடுத்து, நன்றாக அலசி, உலர்த்தி, வெளியே தெரிகிற எலும்பின் மீது பிசின் பூசிக் காப்பாற்றி, மறுபடி அமிலத்தில் போடுவார்கள். வாரக் கணக்கில், மாதக் கணக்கில் இதே வேலை. கடைசியில் 38 கோடி ஆண்டு பழைய மீனின் மண்டையோடு, நேற்றுத்தான் சுத்தம் செய்து வைத்த மாதிரிக் கையில் நிற்கும். ஒவ்வொரு தகடும் தனித்தனியாகக் கழன்று வரும், பொருத்திப் பார்க்கலாம். கல் உடைத்துப் பார்த்தவர்களுக்குக் கிடைக்காதது பொறுமையாகக் கரைத்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது.

2005ல் தொல்லுயிர் ஆய்வாளர் ஜான் லாங் தலைமையில் போன குழு அங்கே சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மீனைக் கண்டெடுத்தது. அமிலத்தில் கரைத்துக்கொண்டே வந்தபோது, அதன் வயிற்றுப் பகுதியில் குட்டி எலும்புகள் தெரிந்தன. தின்ற இரையாக இருக்கலாம் என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தக் குட்டி எலும்புகள் உடையவில்லை, வயிற்று அமிலத்தில் அரிக்கப்படவில்லை. அதன் தாடைத் தகடு பெரிய மீனின் தகட்டின் சின்ன நகல். பக்கத்திலேயே முறுக்கிய கயிறு மாதிரி ஒன்று இருந்தது, கனிமமாக மாறின தொப்புள்கொடி. 2008ல் இது வெளியானது. மீனுக்கு மேட்டர்பிசிஸ் ஆட்டன்பரோய் என்று பெயர். மேட்டர்பிசிஸ் என்றால் தாய் மீன்; பின்பாதி, இயற்கை ஆவணப்படங்களுக்குப் பேர்போன டேவிட் ஆட்டன்பரோவுக்கு மரியாதை. முட்டையிடாமல் குட்டி போட்ட முதுகெலும்பிகளில் நமக்கு நேரடிச் சான்று கிடைத்த மிகப் பழைய தாய் அதுதான்.

இதன் பிறகு நடந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கோகோவிலேயே கிடைத்த இன்சிசோஸ்கூட்டம் என்ற இன்னொரு மீனின் வயிற்றிலும் சின்ன எலும்புகள் இருந்ததை 1981லேயே விவரித்து, கடைசியாகத் தின்ற இரை என்று எழுதி வைத்திருந்தார்கள். மேட்டர்பிசிஸைப் பார்த்த பிறகு அதை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். இரை இல்லை, கரு. 2009ல் அதுவும் வெளியானது. இருபத்தெட்டு வருடம் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. அது கருவாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. 'பழைய' மீன் என்றால் முட்டைதான் இட்டிருக்கும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இருந்தது.

குட்டி போட வேண்டும் என்றால் ஆணும் பெண்ணும் இணைந்திருக்க வேண்டும். 2014ல் ஜான் லாங்கும் மற்றவர்களும் மைக்ரோபிராக்கியஸ் டிக்கி என்ற ஆன்டியார்க்கை ஆராய்ந்து எழுதினார்கள். எட்டு சென்டிமீட்டர் மீன், சுமார் 38.5 கோடி ஆண்டு பழையது, ஸ்காட்லாந்தில் கிடைப்பது. ஆணுக்கு எலும்பாலான, வளைந்த இணையுறுப்பு இருந்தது; பெண்ணுக்கு அதைப் பிடித்துக்கொள்ளத் துருவி போலச் சொரசொரப்பான இரண்டு தகடுகள். இரண்டும் பக்கம் பக்கமாக, கைகளைக் கோத்துக்கொண்டு இணைந்திருக்கும் என்று அவர்கள் சொன்னார்கள். மைக்ரோபிராக்கியஸ் என்ற பெயருக்கே 'சின்னக் கை' என்றுதான் பொருள். அந்தக் கை எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தோமே, அதற்கு வந்த ஒரு பதில் இது. எல்லா ஆன்டியார்க்குக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். போத்ரியோலெப்பிஸின் நீண்ட கைக்கு வேறு வேலையும் இருந்திருக்கலாம்.

கோகோ இன்னும் தந்துகொண்டிருக்கிறது. 2022ல் கேட் டிரினாஜ்ஸ்டிக் தலைமையிலான குழு, கல்லைக் கரைக்காமலேயே நியூட்ரான் கற்றையாலும் சிங்க்ரோட்ரான் என்ற பெரிய துகள் முடுக்கி தரும் எக்ஸ்கதிராலும் உள்ளே பார்த்து, ஆர்த்ரோடைர்களின் இதயம், கல்லீரல், இரைப்பை, குடல் எல்லாவற்றையும் முப்பரிமாணத்தில் காட்டியது. ஆங்கில எஸ் எழுத்து போல வளைந்து, இரண்டு அறைகளோடு வாய்க்குப் பக்கத்தில் தொண்டைப் பகுதியில் இருந்த இதயம். கல்லீரல் பெரியது, சுறாக்களைப் போல மிதக்க உதவியிருக்கும். நுரையீரல் இல்லை. இது ஒரு பழைய வழக்கையும் தொட்டது: 1941ல் ராபர்ட் டெனிசன், போத்ரியோலெப்பிஸுக்கு நுரையீரல் இருந்தது என்று எழுதியிருந்தார். அதைப் பலர் ஏற்கெனவே சந்தேகித்தார்கள். இப்போது அந்தச் சந்தேகம் பலப்பட்டுவிட்டது.

அப்புறம் உறவு. இது எனக்கு மிக நெருக்கமான பகுதி.

பழைய பாடம் இப்படி இருந்தது: தாடை உள்ள மீன்கள் ஒரு பக்கம் சுறாக்களாகவும் இன்னொரு பக்கம் எலும்பு மீன்களாகவும் பிரிந்தன, எலும்பு மீன்களில் ஒரு கிளை கரையேறி நாமானது. பிளாகோடெர்ம்கள் இவற்றுக்கு வெளியே, தனியாகப் போய் முட்டிக்கொண்டு நின்ற கிளை. அவற்றின் தாடைத் தகட்டுக்கும் நம் தாடை எலும்புக்கும் சம்பந்தம் இல்லை. எல்லாருக்கும் பொதுவான மூதாதை எப்படி இருந்தது என்றால், சுறா மாதிரி, பெரிய எலும்புத் தகடுகள் இல்லாமல்.

2013ல் சீனாவின் யுன்னான் மாநிலத்தில், சூஜிங் என்ற இடத்தில் இருந்து வந்த ஒரு மீன் அந்தப் பாடத்தைத் திருப்பிப் போட்டது. சூ மின் குழுவினர் அதற்கு என்டெலோக்னாதஸ் என்று பெயர் வைத்தார்கள், 'முழுமையான தாடை'. வயது சுமார் 41.9 கோடி ஆண்டு. உடலைப் பார்த்தால் சந்தேகமில்லாமல் பிளாகோடெர்ம்: தலைக்கவசம், மார்புக்கவசம், எல்லாம் உண்டு. ஆனால் வாயைப் பார்த்தால், வெளிப்புறத்தில் மேல்தாடையில் இரண்டு சோடி எலும்பு, கீழ்த்தாடையில் ஒரு சோடி. எலும்பு மீன்களிலும் நம்மிலும் இருக்கிற அதே எலும்புகள். நம் மேல் வெட்டுப்பற்கள் பதிந்திருக்கிற எலும்பு, அதை ஒட்டிய கன்னப் பக்கத்து மேல்தாடை எலும்பு, மோவாயில் முடிகிற கீழ்த்தாடை எலும்பு, மூன்றும் ஒரு கவச மீனின் முகத்தில் இருந்தன. 2016ல் அதே இடத்தில் இருந்து சிலின்யூ என்ற இரண்டாவது மீனும் வந்து, பழைய தகடு எப்படி இந்த எலும்பாக மாறியது என்பதற்கு இடைநிலையைக் காட்டியது.

இதன் பிறகு பிளாகோடெர்ம் என்பதை ஒரே குடும்பம் என்று சொல்லவே பலர் தயங்குகிறார்கள். அது ஒரு கிளை இல்லை. அடிமரத்தில் வரிசையாக முளைத்த பல கிளைகளுக்கு நாம் போட்ட ஒரு பொதுப்பெயர். அந்த அடிமரத்தின் உச்சியில் இருந்துதான் சுறாவும், கெண்டையும், தவளையும், நாமும் வந்தோம். இதை நான் நம்புகிறேன், ஏனென்றால் தாடை எலும்பு மட்டும் இதைச் சொல்லவில்லை. ஆர்த்ரோடைர்களிலேயே உண்மையான பல் இருந்ததை 2012ல் கோகோ மீனான கம்பகோபிசிஸின் தாடையை ஊடுகதிரில் பார்த்துக் காட்டினார்கள். 2020ல் பிராக் நகருக்குப் பக்கத்தில் கிடைத்த இன்னும் பழைய வகைக் கவச மீன்களில், வாயின் உட்புறமாகப் புதுப் பல் சேர்ந்துகொண்டே வருகிற அமைப்பு தெரிந்தது. டங்கிலியோஸ்டியஸுக்குப் பல் இல்லை என்று சொன்னேன் அல்லவா? அது பல் தோன்றாத காலத்து மீன் என்பதால் இல்லை. அதன் பரம்பரை பல்லை விட்டுவிட்டு வெட்டு விளிம்புக்கு மாறியிருக்க வேண்டும்.

2022ல் சீனாவின் சோங்சிங்கில் இருந்து சியூஷானோஸ்டியஸ் என்ற கவச மீன் வெளியானது: மூன்று சென்டிமீட்டர் நீளம், 43.6 கோடி ஆண்டு வயது. விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன், முழு உடலோடு. அதுவரை இந்தக் கால அளவில் தாடை உள்ள மீன்கள் என்றால் உதிரிச் செதில், உதிரி முள் என்றுதான் கையில் இருந்தது.

இப்போது 'தோற்றுப்போன இனம்' என்ற பேச்சைப் பாருங்கள். 43.6 கோடியில் இருந்து 35.9 கோடி வரைக்கும் சுமார் 7.7 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் அழிந்து இன்று வரைக்கும் ஆனதே 6.6 கோடி ஆண்டுகள்தான். டெவோனியன் காலம் முழுவதும் முதுகெலும்பிகளில் அதிக வகை கொண்டவை இவைதான். கவசம் கனமாக இருந்ததால் வேகமான சுறாக்களிடம் தோற்றன என்று ஒரு கதை சொல்வார்கள். அப்படியானால் கவச மீன்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, சுறாக்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்க வேண்டும். பாறையில் அது தெரியவில்லை. டங்கிலியோஸ்டியஸ் வாழ்ந்ததே டெவோனியனின் கடைசிக் கட்டத்தில். முடிவுக்குச் சற்று முன்பு வரைக்கும் கடலின் உச்ச வேட்டைக்காரன் அதுதான். சுறாக்கள் அதே கடலில், அதே கிளீவ்லாண்ட் ஷேலில் பக்கத்திலேயே இருந்தன, யாரையும் விரட்டாமல்.

அழித்தது கடல். இரண்டு அடி விழுந்தது. முதல் அடி சுமார் 37.2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கெல்வாசர் நிகழ்வு என்பார்கள். கடற்திட்டுகள் சரிந்தன, கவச மீன்களில் பல குழுக்கள் போயின. ஆனாலும் மீதி இருந்தவை மறுபடி பெருகின. இரண்டாவது, 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஹாங்கன்பெர்க் நிகழ்வு. இரண்டிலும் பாறையில் தெரிவது கறுப்பு ஷேல்: ஆக்சிஜன் இல்லாத அடிநீரில் மக்காமல் தங்கிய கரிமப் பொருளின் நிறம். ஏன் ஆக்சிஜன் போனது என்பதில் பல கருத்துகள் உண்டு. எனக்கு வலுவாகத் தோன்றுவது நிலத்தில் நடந்த மாற்றம். டெவோனியனில்தான் முதன்முதலில் மரங்கள் ஆழமாக வேர் விட்டன. வேர் பாறையை உடைத்தது, மண் உருவானது, சத்துகள் ஆற்றோடு கடலுக்குப் போயின, பாசி பெருகியது, அது செத்து அழுகும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொண்டது. எரிமலை வெடிப்புகளும், கடைசியில் வந்த குளிரும் பனிப்பாறையும் சேர்ந்திருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் மூச்சு முட்டுகிற கடலில் கவசம் எதற்கும் உதவாது என்பது தெளிவு. அந்த முடிவில் அடிபட்டவை இவை மட்டும் இல்லை. முதுகெலும்பிகளில் பல கூட்டங்கள் குறைந்துபோயின, தப்பித்த சில சுறாக்களும் கதிர்த்துடுப்பு மீன்களும் காலியான கடலை நிரப்பின.

கடைசிக் கேள்வி, ஆழ்கடல். சீலகாந்த் 1938ல் தென்னாப்பிரிக்கக் கடலில் உயிரோடு அகப்பட்டது. அதுவரை அது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது என்று நினைத்தோம், ஏனென்றால் அதற்குப் பிந்தைய பாறையில் அதன் எலும்பு கிடைக்கவில்லை. அப்படியானால் கவச மீனும் கிடைக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் எதைத் தேடுகிறோம் என்று பாருங்கள். கடைசிக் கால சீலகாந்துகள் அரிதாக, ஆழத்தில் வாழ்ந்தவை. அந்த ஆழக் கடலின் பாறை நம் கைக்கு எட்டுவதே குறைவு. கவச மீனின் தகடோ கனமான எலும்பு. ஆற்று மணலில் உருண்டாலும் அடையாளம் தெரியும், நகத்தளவு துண்டில்கூட மேற்பரப்பில் உள்ள புள்ளிகளும் மேடுகளும் எந்த வகை என்று காட்டிக்கொடுத்துவிடும். டெவோனியன் பாறையில் மீன் தேடுகிறவர்கள் கையில் முதலில் அகப்படுவது பெரும்பாலும் இதுதான். அதே ஆட்கள், அதே கண், அதே சுத்தியல். ஹாங்கன்பெர்க் நிகழ்வைக் காட்டும் அடுக்கைத் தாண்டி மேலடுக்குக்குப் போனால் சுறாப் பல் கிடைக்கிறது, செதில் கிடைக்கிறது, நுரையீரல் மீனின் பல் தகடு கிடைக்கிறது. கவசத் தகடு ஒன்றுகூடக் கிடைப்பதில்லை.